ராகிக்குழியும் வராத அம்மையும்

எனக்கு அம்மை வந்திருப்பதாக ஊருக்கே சொல்லப்பட்ட அந்த வைகாசியில் எனக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. திருச்செங்கோட்டுத் தேருக்குப் போகப்போகிறோம் என்ற குஷியில் பல் விளக்குவதற்கு முன்பே பாவாடை மாற்றிக்கொண்டு நின்றவள் நான். அம்மா என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போய், பழைய சேலை ஒன்றை விரித்து, அதன்மேல் வேப்பிலையைப் பரப்பினாள். "படுத்துக்க அம்முணி. ஆராச்சும் கேட்டா உடம்பெல்லாம் எரியுதுன்னு சொல்லு" என்றாள். நான் ஏன் எதற்கு என்று கேட்பதற்குள் அப்பா வாசல் நிலையில் பெரிய வேப்பங்கொத்தைச் செருகிவிட்டார்.

சும்மா விளையாட்டுக்கு "மாரியாத்தா சத்தியமா" என்று சொன்னதற்கே என் வாயில் சூடு வைப்பேன் என்று கரண்டியைக் காய்ச்சியவள் என் அம்மா. அவள் மாரியாத்தாளின் பேரிலேயே இவ்வளவு பெரிய பொய்யைச் சொல்லி, அந்தப் பொய்யின்மேல் என்னையும் படுக்க வைத்திருக்கிறாள். ஆத்தா நிஜமாகவே வந்து இறங்கிவிட்டால் யார் பதில் சொல்வது என்று பயந்துகொண்டு கிடந்தேன். தெருவில் வண்டிகள் பூட்டும் சத்தம் கேட்டது. எங்கள் வாசலைப் பார்த்தவர்கள் எட்ட நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்கள். வேப்பிலை கட்டிய வீட்டுக்குள் யாரும் காலெடுத்து வைக்க மாட்டார்கள். நெருப்புக் கேட்டுக்கூட வர மாட்டார்கள்.

யாரும் வரக் கூடாது என்பதுதான் திட்டம். அன்றைக்கு எங்கள் வீட்டில் குழி திறக்கப்போகிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் குழி இருப்பதே எனக்குத் தெரியாது.

எங்கள் பக்கத்து மானாவாரிக் குடும்பங்களின் வருமானத்தைப் பற்றி இன்று யாராவது கேட்டால் எனக்குச் சிரிப்புதான் வரும். கடலைக்காய் விற்ற காசு நிலத்தீர்வைக்கும் துணிமணிக்கும் போய்விடும். பித்தளைப் பாத்திரம் வாங்கினால் அது ஆடியில் அடகுக்குப் போகும், அப்புறம் திரும்பி வராது. கண்ணுக்குத் தெரிகிற எதுவும் வீட்டில் தங்காது. அதனால் கொஞ்சம் விளைந்த வருஷத்தில் ராகியை மண்ணுக்குள் இறக்கிவிடுவார்கள். பானை மாதிரி வாய் குறுகி வயிறு அகன்ற குழி. அடியிலும் சுற்றிலும் வைக்கோல் கொடுத்து, ராகியைக் கொட்டி, கல்லால் மூடி மண் பூசிவிட்டால் வருஷக்கணக்கில் பூச்சி அண்டாது. அதுதான் எங்கள் பாங்கி.

குழி வெட்டுவது சேமிப்பில் பாதிதான். மீதிப் பாதி, நம்மிடம் எதுவும் இல்லை என்று ஊரை நம்பவைப்பது. குழி இருப்பது தெரிந்தால் விதைக்குக் கடன் கொடுத்தவர் வண்டியோடு வந்து நிற்பார். பங்காளிகள் வருவார்கள். அது யுத்த காலம் வேறு, தானியம் பதுக்கியிருக்கிறதா என்று சர்க்கார் ஆட்களும் வருவார்கள். கடன் கேட்காத வீடு சந்தேகத்துக்குரிய வீடு. ஆகவே அம்மா அடிக்கடி கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு அத்தையிடம் அரைப் படி ராகி கேட்டுப் போவாள். அந்த அத்தையும் அதே மாதிரி எங்கள் வீட்டுக்கு வருவாள். மழை இரண்டு வருஷமாகப் பொய்த்திருந்தது. தண்ணீராய் ஓடும் கூழைக் குடித்துவிட்டு, ஊரிலேயே எங்களைப்போல ஏழை கிடையாது என்று என்மேல் நானே மிகுந்த இரக்கத்தோடு வளர்ந்துகொண்டிருந்தேன்.

ஊர்ச் சத்தம் அடங்கியதும் வேப்பிலைப் படுக்கையிலிருந்து எழுந்து புழக்கடைக் கதவிடுக்கில் கண்ணை வைத்தேன். சோளத்தட்டுப் போரை அப்பாவும் சித்தப்பாவும் ஒரு பக்கமாகத் தள்ளியிருந்தார்கள். தரையைச் சுரண்டி, கடப்பாரை போட்டுக் கல்லை நெம்பினார்கள். உள்ளே இருட்டாக ஒரு வாய் திறந்தது. அப்பா கையை விட்டு ஒரு பிடி அள்ளிக் காட்டினார். ராகி. நான் பாண்டி ஆடிய இடத்துக்கு அடியில் ராகி.

பங்குனியிலும் சித்திரையிலும் பசி தாங்காமல் நான் அழுத ராத்திரிகள் எல்லாம் ஞாபகம் வந்தன. அப்போதெல்லாம் அம்மா என் முதுகைத் தட்டிக்கொண்டே "மழ வரட்டும் சாமி" என்றாளே, அவளுக்கும் இது தெரியுமா? என்னைப் பெற்றவர்கள் என்னை இவ்வளவு அழகாக ஏமாற்ற முடியும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அடைத்துக் கிடந்த குழிக்குள் கெட்ட காற்று இருக்கும். திறந்து நன்றாக ஆறவிட்டு, விளக்கை ஏற்றி உள்ளே இறக்கிப் பார்த்த பிறகுதான் ஆள் இறங்க வேண்டும். அப்பா கயிற்றில் விளக்கைக் கட்டி இறக்கினார். அணைந்துவிட்டது. மறுபடி ஏற்றி இறக்கினார், மறுபடி அணைந்தது.

"உச்சிவரைக்கும் ஆற உட்டுப் பாக்கலாமுங்க" என்றாள் அம்மா.

"தேர் நெலைக்கு வந்துட்டா சனம் திரும்பிரும். அப்பறம் போரை எப்ப மூடறது?" என்றார் அப்பா.

சித்தப்பாவுக்கு எதிலும் விளையாட்டுதான். அந்தக் குறுகிய வாய்க்குள் நுழைகிற உடம்பும் அவருக்குத்தான் இருந்தது. "வெளக்கு காத்துக்கு அணைஞ்சிருக்குமுங்கண்ணா. இப்பவே எறங்கிர்றேன். நாலு நாள் களி தின்னுட்டா அப்பறம் இதுக்குள்ள நான் நொழைய மாட்டேன்" என்று சிரித்துக்கொண்டே இறங்கினார்.

முதல் கூடை மேலே வந்தது. இரண்டாவது வரவில்லை. அப்பா "டேய்" என்றார். கீழிருந்து ஏதோ முனகல் வந்தது, பிறகு அதுவும் நின்றுவிட்டது. அப்பா கயிற்றை இழுத்தார். வெறும் கூடைதான் வந்தது.

அம்மா கத்துவதற்கு வாயைத் திறந்தாள். அப்பா அவள் வாயைப் பொத்தினார். "சத்தம் போடாத. சத்தம் போடாதங்கறேன்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் குழியைப் பார்க்கவில்லை. கிளுவை வேலிக்கு மேலாகத் தெருவைப் பார்த்தார்.

அம்மை வந்த பிள்ளை வெளியே வரக் கூடாது என்பதை மறந்து நான் கதவைத் திறந்துகொண்டு நின்றேன். அப்படி ஒரு முகத்தை அப்பாவிடம் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. சந்தையில் விலை கேட்டுவிட்டு யோசிக்கிறவர் முகம். உள்ளே கிடப்பவர் அவர் தோளில் தூக்கி வளர்த்த தம்பி. எவ்வளவு நேரம் அப்படி நின்றார் என்று கேட்டால், அம்மா அவர் கையைத் தட்டிவிடுகிற நேரம்தான். ஆனால் நின்றார். அதை நான் பார்த்தேன்.

அம்மா தலைவிரிகோலமாக வாசலுக்கு ஓடினாள். "ஓடியாங்க, ஓடியாங்க" என்று அலறினாள். பக்கத்து வீட்டு வாசலிலும் வேப்பிலை தொங்கியது. அவர்கள் பையனுக்கும் அன்று காலைதான் அம்மை கண்டிருந்ததாம். அத்தை வெளியே வந்தாள். எங்கள் வாசலைப் பார்த்ததும் தெருவிலேயே நின்றுவிட்டாள்.

"ஆத்தா எறங்கின ஊட்டுக்குள்ள எப்படிங்கக்கா வாரது?"

அம்மா எட்டி அந்த வேப்பங்கொத்தைப் பிய்த்து மண்ணில் வீசினாள். "ஆத்தாளும் வரல, ஒண்ணும் வரல. எல்லாம் பொய்யிங்க. எங்கொழுந்தன் குழிக்குள்ள கெடக்கறானுங்க" என்றாள்.

நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். வானம் இடிந்து விழப்போகிறது என்று காத்திருந்தேன். இடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அந்த வீட்டு மாமா அவர்கள் புழக்கடையிலிருந்து ஓடி வந்துகொண்டிருந்தார். தோளில் கயிறு தயாராக இருந்தது. தலையிலும் மீசையிலும் ராகி உமி ஒட்டியிருந்தது. அம்மை கண்ட அவர் பையன் கையில் முறத்தோடு பின்னாலேயே ஓடி வந்தான். குழிக்கு அவசரம் என்றால் கயிறும் முறமும் வேண்டும் என்று இவர்களுக்கு எப்படி அவ்வளவு சீக்கிரம் தெரிந்தது என்று நான் வியந்தேன்.

மாமா வாசலில் கிடந்த வேப்பங்கொத்தை எடுத்துக் கயிற்றில் கட்டி, குழிக்குள் இறக்கி இறக்கி ஏற்றினார், கிணற்றில் கெட்ட காற்றை விரட்டுவதுபோல. பையன் முறத்தால் விசிறினான். பிறகு மாமா மூக்கை ஈரத்துணியால் கட்டிக்கொண்டு, இடுப்பில் கயிறோடு இறங்கினார். சித்தப்பாவின் கக்கத்தில் கயிறு போட்டுக் கொடுத்தார், எல்லோரும் சேர்ந்து இழுத்தார்கள். கருத்துப்போன முகத்தோடு, வாயெல்லாம் ராகியோடு சித்தப்பா வெளியே வந்தார். வேப்பமரத்தடியில் கிடத்தித் தண்ணீர் தெளித்தார்கள். நெடுநேரம் கழித்து இருமினார். அப்போதுதான் அப்பா உட்கார்ந்து அழுதார்.

அத்தை எங்கள் குழியைப் பார்த்தாள். அம்மா மாமாவின் மீசையைப் பார்த்தாள். சாயங்காலம் தேருக்குப் போனவர்கள் பொரிகடலையோடு திரும்பியபோது இரண்டு வாசலிலும் புது வேப்பிலை தொங்கியது. எங்கள் சோளத்தட்டுப் போர் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. அம்மை இறங்கியதற்கு மூன்று தண்ணீர் தலைக்கு ஊற்றி முடிக்கும்வரை நான் அம்மையோடுதான் படுத்திருந்தேன். அடுத்த வாரமே அத்தை கிண்ணத்தோடு வந்தாள்.

"அரைப் படி ராகி இருந்தாக் குடுங்கக்கா. அடுப்புப் பத்த வெக்கல."

அம்மா பெருமூச்சு விட்டபடி பானையைச் சுரண்டிக் கொடுத்தாள். அவர்கள் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் கண் கலங்கும்.

சித்தப்பா உடம்பு தேறியதும் ஜலகண்டாபுரத்துக்குத் தறி நெய்யப் போவதாகச் சொன்னார். தறியில் நல்ல கூலி கிடைக்கிறது என்று அப்பா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா மூட்டை கட்டிக் கொடுத்த ராகியைச் சித்தப்பா வாங்கவில்லை. வண்டித்தடம்வரை அவர் பின்னாலேயே போய், ஏன் போகிறீர்கள் என்று கேட்டேன். அவர் சிரிக்காமல் என் தலையைத் தடவினார்.

"குழிக்குள்ள இருந்தா மேல பேசறதெல்லாம் நல்லாக் கேக்குது அம்முணி" என்றார்.

எனக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது. வீட்டுக்கு ஓடி வந்து, களி கிளறிக்கொண்டிருந்த அம்மாவிடம் மூச்சிரைக்கச் சொன்னேன். அப்பா அருகில்தான் தட்டோடு உட்கார்ந்திருந்தார். அம்மா துடுப்பை அப்படியே விட்டுவிட்டு முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டாள். களி தீய்ந்த வாசம் வந்தது. ஒரு பருக்கை வீணானாலும் வீடே அதிரக் கத்துகிற அப்பா அன்று அந்தத் தீய்ந்த களியைத் தட்டில் வாங்கி, தலையைக் குனிந்துகொண்டு முழுவதையும் தின்றார். நல்லவேளை களி தீய்ந்ததை அப்பா கவனிக்கவில்லை என்று நான் சந்தோஷப்பட்டேன்.