இடது ஓரத்தில் மூன்றாவது ஆள்

ஆகஸ்டு 30, காலை. ஈப்போ நிலையத்தில் ரயில் ஏறுவதற்குள் பையைப் பலமுறை திறந்து பார்த்துவிட்டேன். காய்ச்சல் மருந்து இருந்தது, தொப்பி இருந்தது, மாற்றுத்துணியும் இருந்தது. என் நான்கு வயது மகள் யாழினிக்குப் போன வாரம்தான் காய்ச்சல் விட்டிருந்தது. அவளை இருநூறு கிலோமீட்டர் தள்ளி, கோலாலம்பூர் வெயிலில் நிறுத்தப்போவது சரிதானா என்று வழியெல்லாம் என்னையே கேட்டுக்கொண்டேன். ஆனாலும் மனம் துள்ளிக்கொண்டிருந்தது. இராணுவத்தில் கார்ப்பரலாக இருக்கும் என் கணவர் குமரன், மறுநாள் மெர்டேக்கா எனும் சுதந்திர தின அணிவகுப்பில் நடக்கப்போகிறார்.

முதலில் கடல் தாண்டி சபா மாநிலத்தில் பணி, பிறகு அணிவகுப்புப் பயிற்சி முகாம். ஐந்து மாதமாக அவர் வீட்டுக்கு வரவில்லை. கைப்பேசியில் அவர் முகம் தெரிந்தால் யாழினி இப்போதெல்லாம் தலையணைக்குள் புதைந்துகொள்கிறாள். நேரில் பார்த்தால் அடையாளம் தெரியுமா? அந்தக் கவலைதான் என்னை நாற்பத்தாறு ரிங்கிட் டிக்கெட் வாங்க வைத்தது.

நண்பகலில் கே.எல். சென்ட்ரல் நிலையத்தில் இறங்கி, பக்கத்திலேயே இருக்கும் பிரிக்பீல்ட்ஸுக்கு நடந்தோம். பூக்கடைகளில் மல்லிகைச் சரங்களுக்கு நடுவே தேசியக் கொடிகள் தொங்கின. சின்னக் கொடி இரண்டு ரிங்கிட். பூ கட்டிக்கொண்டிருந்த அக்கா, “பாப்பாவுக்கு இன்னொண்ணு ஃப்ரீ லா, ஆனா கடைய விட்டு வெளியே போய் ஆட்டச் சொல்லு, சாமந்தி எல்லாம் கொட்டுது!” என்றார். இரண்டு கைகளிலும் கொடியோடு யாழினி கிள்ளான் வரைக்கும் ரயில் ஜன்னலைத் தட்டிக்கொண்டே வந்தாள்.

கிள்ளானில் கணவரின் அக்கா வீட்டில் தங்கினோம்; அவரை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். மாலையில் குமரன் ஒரு நிமிடம் மட்டும் அழைத்தார்.

“நான் இடது ஓரத்துல வரேன், மூணாவது வரிசை. நீங்க ராஜா நிக்கிற மேடையத் தாண்டி, ரோட்டுக்கு இடது பக்கமா நில்லுங்க. மேடையத் தாண்டி, சரியா?”

“சரிங்க” என்றேன்.

ஆகஸ்டு 31, விடியற்காலை. அண்ணியும் எங்களோடு கிளம்பினார். ரயில் நிலையத்துக்கு வாடகைக் கார் எடுத்தோம், ஏழு ரிங்கிட். ஓட்டுநர் நம்மவர், ஐம்பது வயதிருக்கும்.

“இவ்ளோ காலையில மெர்டேக்கா பாக்கவா? டிவியில ஃபேன் போட்டுக்கிட்டு பாக்கலாம் லா!”

“வீட்டுக்காரர் நடக்குறாரு, அங்கிள்.”

“சோல்ஜரா? நம்ம ஆளா?” கண்ணாடியில் என்னைப் பார்த்தார். “அந்த வேலைக்குப் போய் என்னம்மா கண்டாரு?”

அண்ணிக்குக் கோபம் வந்தது. “நீங்க காரு ஓட்டி என்ன கண்டீங்க, அண்ணே?” என்றார். ஓட்டுநர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. என் அப்பாவும் இராணுவத்தில் இருந்தவர். இதே கேள்வி பள்ளி நாளிலிருந்து என் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. எங்கள் வீட்டில் நாட்டுப்பற்று என்ற சொல்லை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. கதவுக்குப் பின்னால் எப்போதும் கட்டிவைத்த பை ஒன்று இருக்கும். பிறந்தநாளை அப்பாவுக்கு லீவு கிடைக்கும் நாளில் கொண்டாடுவோம். அவ்வளவுதான்.

பேங்க் நெகாரா நிலையத்தில் இறங்கி ஒரு கிலோமீட்டர் நடந்தால் மெர்டேக்கா சதுக்கம். விடிவதற்குள்ளேயே கூட்டம் அலைமோதியது. முகத்தில் கொடி வரைந்த பிள்ளைகள், நாற்காலி தூக்கி வந்த தாத்தாக்கள், நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்கள். யார் பாட ஆரம்பித்தாலும் சுற்றி இருந்தவர்கள் சேர்ந்துகொண்டார்கள். எனக்கும் தொண்டை கட்டும்வரை பாடத் தோன்றியது.

மேடையைத் தாண்டி இடம் பிடித்தோம். எட்டு மணிக்கே வெயில் உச்சியில் சுட்டது. யாழினியின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். சுடுவதுபோல் இருந்தது, இல்லாததுபோலவும் இருந்தது. மேடைக்கு நேர் எதிரே, இடப்பக்கத் தடுப்பை ஒட்டி ஒரு மரநிழல். அங்கே மாறினால் என்ன? இடது பக்கம்தானே, கைநீட்டினால் தொடும் தூரத்தில் போவாரே! அண்ணியை இழுத்துக்கொண்டு மாறினேன். நல்ல முடிவு எடுத்ததாகப் பெருமை வேறு.

பேண்டு வாத்தியம் நெருங்கியது. தரை அதிர்ந்தது. யாழினியைத் தடுப்புக்கு மேல் தூக்கிப் பிடித்தேன். “அப்பா வராரு, அப்பா உன்னப் பாப்பாரு!” என்று கத்தினேன். முதல் வரிசை, இரண்டாவது வரிசை. இதோ, அவர்!

“பண்டாங் கெ கானான்!”

வலப்பக்கம் பார் என்ற கட்டளை. மேடை இருப்பது வலப்பக்கம். அத்தனை தலைகளும் ஒரே வெட்டில் அந்தப் பக்கம் திரும்பின. எங்களுக்குக் கிடைத்தது வரிசை வரிசையாகப் பிடரிகள்.

“அப்பா!” யாழினி வீறிட்டாள். இரண்டு முழம்கூட இருக்காது. அவர் தோள் ஒரு கணம் விறைத்ததைப் பார்த்தேன். திரும்பிவிடுவாரோ? திரும்பாதீங்க, திரும்பாதீங்க என்று வாய்க்குள் சொன்னேன். யார் முகத்தைக் காட்ட ஊர்விட்டு ஊர் வந்தேனோ, அவர் முகம் தெரியக்கூடாது என்று வேண்டிக்கொண்டு நின்றேன். அவர் திரும்பவில்லை. வரிசை கலையாமல் கடந்தது. அழுகையும் பெருமையும் ஒன்றாக வந்து என்னைத் திணறடித்தன. ஓட்டுநரின் கேள்விக்குச் சொல்ல என்னிடம் ஏதாவது இருந்தால், அது திரும்பாத அந்தப் பிடரிதான்.

அண்ணி என் தலையில் குட்டினார். “சிப்பாய் மகளாம், சிப்பாய் பொண்டாட்டியாம்! மேடைக்கு எதுத்தாப்புல நின்னா கழுத்துதான் தெரியும்னு இவளுக்குத் தெரியாதாம்!”

“எல்லா அப்பாவும் ஒரே மாரி இருக்காங்க” என்று யாழினி தேம்பினாள்.

அணி போன திசையிலேயே ஓடினோம். சதுக்கத்துக்குப் பின்தெருவில் இராணுவ லோரிகள் வரிசையாக நின்றன. குமரனின் அணி ஏறுவதற்காக மூன்று வரிசையில் காத்திருந்தது. அவர் எங்களைப் பார்த்துவிட்டார், கண் மட்டும் சிரித்தது. வரிசையை விட்டு வர முடியாது. யாழினிக்கு அவரைக் காட்ட நான் விரல் நீட்டப்போனேன். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“காட்டாத. இரு.”

மலாய்க்காரரான சார்ஜன்ட் என்னவென்று கேட்டார். அண்ணி நடந்ததை மலாயில் மூச்சுவிடாமல் கொட்டினார். சார்ஜன்ட் யாழினியைப் பார்த்தார், மீசைக்குள் சிரித்தார். விறைப்பாக நின்று தெருவே அதிரக் கத்தினார்:

“பண்டாங் கெ கீரி!”

இடப்பக்கம் பார். மூன்று வரிசையும் டக்கென்று என் மகளை நோக்கித் திரும்பின.

யாழினி என் கையை விட்டாள். இரண்டு கொடிகளையும் மார்போடு அணைத்துக்கொண்டு முதல் முகத்தைப் பார்த்தாள். அடுத்த முகத்தைப் பார்த்தாள். வியர்வை வழிய, சிரிப்பை அடக்கிக்கொண்டு அத்தனை பேரும் அசையாமல் நின்றார்கள். அவள் ஒவ்வொருவராகக் கடந்து வந்து, தன் அப்பாவின் பூட்ஸுக்கு முன் நின்று நிமிர்ந்து பார்த்தாள்.

“தூக்குங்க” என்றாள்.