மாமனார் முகமும் மச்சினியின் லேசரும்

என் மச்சினி சுடர்விழியைப் பற்றி யார் கேட்டாலும் கெட்டிக்காரப் பெண் என்றுதான் சொல்வேன். சொல்லும்போதே வயிறு எரியும். மறைப்பானேன்?

முத்தியால்பேட்டையில் இருபத்திரண்டு வருடமாக ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். மாமியார் வீட்டில் காதுகுத்து, கல்யாணம், சாவு எல்லாமே என் கேமராவில்தான். அந்த வீட்டில் படம் என்றால் அரிகிருஷ்ணன், அவ்வளவுதான். இவளோ பத்தாவதோடு நின்றவள். பக்கத்து மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் மரப்பெட்டிக்கு ஆணியடிக்கிற வேலை. கல்யாணம் வேண்டாம் என்று மூன்று வரனைத் திருப்பி அனுப்பிவிட்டு, தாயோடு இருந்துகொண்டு, போனஸ் வந்ததும் ஆன்லைனில் ஒரு குட்டி லேசர் மெஷினை வாங்கினாள். "நகை வாங்கற வயசுல அடுப்பு வாங்கியிருக்கா" என்று முதலில் சிரித்தவன் நான்தான்.

அந்த அடுப்பு மரப்பலகையில் போட்டோவைச் சுட்டது. கம்பெனியில் கழித்த பலகையைக் கேட்டு வாங்கி வந்து, உப்புத்தாளால் தேய்த்து, பச்சைக் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவாள். ஒரு முகத்துக்கு இரண்டு மணி நேரம். பக்கத்து வீட்டுச் செல்வாம்பாள், "ஏன்டி, சோறு அடிபுடிச்சிடுச்சா?" என்று மூன்று முறை ஓடி வந்தாராம். நான்காம் முறை பேரன் படத்தோடு வந்தார். அப்புறம் குருசுக்குப்பத்திலிருந்தெல்லாம் வந்தார்கள். என் ஸ்டுடியோ வாசலில் நின்றே அவள் வீட்டுக்கு வழி கேட்டார்கள் ஐயா! பல்லைக் கடித்துக்கொண்டு வழியும் சொன்னேன்.

மாமனார் தெய்வசிகாமணி மில் ஓடிய காலத்தில் தறி ஓட்டியவர். போன வருடம் தவறிவிட்டார். நான் எடுத்த படத்தைத்தான் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டினோம். வழக்கம்போல முகத்தைக் கொஞ்சம் வெளுக்க வைத்து, தழும்பையெல்லாம் அழித்திருந்தேன். கறுப்பாகப் போடுங்கள் என்று எந்த வாடிக்கையாளர் கேட்டார்? மாமியார் சின்னப்பாப்பா தினமும் அதற்குப் பூ வைத்தார். நன்றாயிருக்கிறது என்றும் சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை.

வருஷ திதிக்குப் பத்து நாள் இருக்கும்போது சுடர்விழி ஸ்டுடியோவுக்கு வந்தாள்.

"மாமா, திதிக்குள்ள அப்பாவ பலகையில போட்டு அம்மாவுக்குக் குடுக்கணும். உங்ககிட்டதான படம் இருக்கு, குடுங்க."

எனக்குப் பகீரென்றது. அந்தக் கூடத்துச் சுவர் ஒன்றுதான் எனக்கு மிச்சம். அதுவும் போய்விட்டால்?

"அந்த லேசர் எப்படித்தான் சுடுது?" என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டேன்.

"கருப்பா இருக்கற எடத்த சுடும் மாமா. வெள்ளையா இருந்தா தொடாது. வெறும் மரமா உட்டுடும்."

போதாதா? அவள் போனதும் மாமனார் முகத்தை இன்னும் வெளுத்தேன். கூடத்துப் படமும் வெளுப்புதானே, அவளுக்குச் சந்தேகம் வராது. நல்ல பிள்ளை மாதிரி அனுப்பி வைத்தேன்.

இரண்டு நாள் கழித்து ஒரு பலகைத் துண்டோடு வந்தாள். புருவம், மீசை, சட்டைக் காலர். மற்றபடி வெறும் மரம்.

"அப்பா மூஞ்சியவே காணோம் மாமா. எனக்குத்தான் மெஷின சரியா வெக்கத் தெரியல போல." கண் கலங்கியிருந்தது.

"உடும்மா, எல்லா மெஷினும் எல்லா வேலையும் செய்யாது" என்றேன். அன்றைக்கு மீன்குழம்பு தனி ருசியாக இருந்தது.

திதியன்று படையல் போடுவதற்கு முன்னால், துணி சுற்றிய பலகையை எடுத்து வந்து என் படத்துக்குக் கீழே சாய்த்து வைத்தாள். துணியை விலக்கினாள். கறுத்த முகம். கன்னத்தில் அம்மைத் தழும்பு. தறியில் ஓடும் நாடாக்கட்டை தெறித்து இடது புருவத்தை வெட்டிய வடு. எதையோ சொல்லிவிட்டுச் சிரிக்கப் போகிற வாய்.

சின்னப்பாப்பா சட்டென்று முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டார். கிட்டே போய்ப் பலகையைத் தடவினார். "வந்துட்டியாய்யா" என்றார். பிறகு நிமிர்ந்து சுவரைப் பார்த்தார்.

"மாப்ள, அத கழட்டிடுங்க. ஒரு வருஷமா யாருக்கோ பூ வெச்சினு இருந்தேன்."

என் மனைவி மாலா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். நானே ஸ்டூலைப் போட்டு ஏறினேன்.

"படம் ஏதும்மா?" என்று மேலே நின்றபடியே கேட்டேன்.

"நீங்க எடுத்ததுதான் மாமா. எடுத்த அன்னிக்கே அக்கா போனுக்கு அனுப்பியிருந்தீங்களே, திருத்தறதுக்கு முன்னாடி, அது."

வெள்ளை மாமனாரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கும்போதுதான் பலகையின் மூலையைப் பார்த்தேன். 'படம் எடுத்தது மாமா அரிகிருஷ்ணன்' என்று பொடி எழுத்தில் சுட்டிருந்தாள். என் திருட்டுவேலை அவளுக்குத் தெரிந்துவிட்டதா என்று முகத்தைப் பார்த்தேன். அவள் பாட்டுக்குச் சுத்தியலைத் தேடிக்கொண்டிருந்தாள்.

அப்போதும் எனக்குப் பொறாமைதான் வந்தது. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் அந்தப் பெயரைப் போட்டிருக்க மாட்டேன்.