ஸ்டீபனுக்கு அடித்த சல்யூட்

நான் ராணுவ அதிகாரி. வீடு ராஜகீழ்ப்பாக்கத்தில். பம்மல்காரன் ஸ்டீபனும் நானும் ஒரே நாளில் பணியில் சேர்ந்தோம். பயிற்சியில் நான்தான் அவனுக்கு முன்னால். ஆனால் பதவி உயர்வு அவனுக்கு வந்து எட்டு மாதம் கழித்துத்தான் எனக்கு வந்தது. அந்த எட்டு மாதமும் அவனுக்கு சல்யூட் அடித்து ‘சார்’ என்றேன். வயிறு எரிந்தது. தேதி பிந்தியதால் இனி கடைசிவரை நான் அவனுக்கு ஜூனியர்.

யாரையோ பிடித்துத்தான் முந்தினான் என்று மேலிடத்துக்குப் புகார் எழுதினேன். அதில் குறிப்பிட அவனுடைய பதவி உயர்வுத் தேதி தேவைப்பட்டது. காரணம் சொல்லாமல் அவனுக்கே போன் செய்து தேதியைக் கேட்டேன்.

"உன் தேதி லேட்டாச்சேன்னு கேக்கறியா மச்சான்? கால் ஒடைஞ்சப்போ உன்ன அன்ஃபிட்னு போட்டாங்கல்ல. அப்புறம் ஃபிட்னு குடுத்த பேப்பர் ரெக்கார்ட் ஆபீஸுக்குப் போச்சா? மொதல்ல அதப் பாரு" என்றான்.

பீரோவைத் திறந்தேன். நான் அனுப்பியிருக்க வேண்டிய நகல் உள்ளேயே கிடந்தது. அடுத்த மருத்துவப் பரிசோதனை வரை, அந்த எட்டு மாதமும், நான் தகுதியில்லாதவனாகவே கணக்கில் இருந்திருக்கிறேன்.

புகாரைக் கிழித்தேன். அந்தத் தாளை இணைத்து மறுபரிசீலனைக்கு மனு கொடுத்தேன். சில மாதங்களில் என் தேதியையும் ஸ்டீபனுடைய தேதிக்கே திருத்தி ஆணை வந்தது.

இப்போது எந்தத் தாளைக் கொடுத்தாலும் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்காமல் நகர்வதில்லை. யாரைப் பார்த்து வயிறு எரிந்தாலும் முதலில் என் பீரோவைத்தான் திறக்கிறேன். ஸ்டீபன் மீது பொறாமை மட்டும் போகவில்லை. அவன் இடத்தில் நான் இருந்திருந்தால், அந்தப் பேப்பரை ஞாபகப்படுத்தியிருக்க மாட்டேன்.