கூச்சத்துக்குப் போன பணம்

இந்த நினைவு மலருக்கு அண்ணனைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று அவருடைய மகன் பெங்களூரிலிருந்து மூன்று முறை போன் செய்தான். மூன்று முறையும் "பார்க்கலாம்பா" என்று சொல்லி வைத்துவிட்டேன். முப்பது வருஷம் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் உட்கார்ந்து கடிதம் எழுதியவள், எழுத வராது என்று சொல்ல முடியாது. அலுப்பாக இருந்தது. அண்ணன் மறைந்து ஒரு வருஷம் ஆகிறது, அந்த அலுப்பு இன்னும் என்னை விடவில்லை. ஆனால் நான் எழுதாவிட்டால் வேறு யாராவது "வாரி வழங்கிய வள்ளல்" என்று நான்கு வரி எழுதிவிடுவார்கள். இன்னும் சிலர் எழுத மாட்டார்கள், ஆனால் "கடைசிக் காலத்தில் கையை இறுக்கிக்கொண்டவர்" என்று மனசுக்குள் நினைத்துக்கொள்வார்கள். இரண்டும் அண்ணன் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது திருநெல்வேலிப் பக்கம், தாமிரபரணிக் கரையில் ஒரு சிறிய ஊரில். நான்கு வயதில், அப்பாவுக்குத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தபோது, கல்கத்தா வந்தார். நான் பிறந்தது இங்கேதான். காளிகாட்டில் கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் இரண்டு அறை வீடு. வீட்டுக்குள் நெல்லைத் தமிழ், வாசலைத் தாண்டினால் வங்காளம். அண்ணனுக்கு இரண்டும் ஒரே மாதிரி வரும். அந்த வாய்தான் அவருக்குச் சோறு போட்டது. படிப்பு முடிந்ததும் ஒரு தனியார் நிறுவனத்தில் விற்பனைப் பிரிவில் சேர்ந்தார். அடுத்த வருஷமே அப்பா தவறிவிட்டார். என்னை பி.ஏ. படிக்க வைத்ததும் திருமணம் செய்து வைத்ததும், பிறகு என் கணவர் மாரடைப்பில் போனபோது மூன்று மாதம் என் வீட்டிலேயே வந்து படுத்ததும் அண்ணன்தான். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் நான் அவரிடம் கடுமையாக நடந்துகொண்ட கதையும் வரப்போகிறது.

அண்ணன் சம்பாதித்த காலத்தை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. துர்கா பூஜை வந்தால் எல்லாருக்கும் புதுத்துணி. ஊரிலிருந்து யார் வந்தாலும் ஸ்டேஷனுக்குக் கார். இந்த மலரைக் கையில் வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் அண்ணன் செலவில் காசிக்கும் பூரிக்கும் போய் வந்தவர்கள். ஹோட்டலில் பில் வந்தால் அது அண்ணன் பக்கம்தான் போகும். வேறு யாரும் கையை நீட்டி நான் பார்த்ததில்லை.

அண்ணி புற்றுநோயில் காலமானார். அடுத்த வருஷம் அண்ணன் வேலை பார்த்த கிளையை மூடிவிட்டார்கள். அப்போது அவருக்கு ஐம்பத்தாறு வயது. வேலை போனதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடமும் சொல்லவில்லை. தினமும் காலையில் சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு கிளம்பிப் போவார். செலவு மட்டும் பழையபடியே நடந்தது. முதலில் ஒரு கிரெடிட் கார்டு, அதை அடைக்க இன்னொன்று, பிறகு போனிலேயே கடன் கொடுக்கிற ஆட்கள். இதெல்லாம் போதாமல், மகன் வீடு வாங்க முன்பணம் சேர்ப்பதற்காக மாதாமாதம் அண்ணன் கணக்குக்கு அனுப்பிக்கொண்டிருந்த பணமும் போயிற்று. ஆறு லட்சத்துக்கு மேல். மகன் பெங்களூரில் ஒரு வீட்டைப் பேசி முடித்துப் பணத்தைக் கேட்ட அன்றைக்குத்தான் எல்லாம் வெளியே வந்தது.

"நீங்க கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனேப்பா" என்றானாம். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அவன் பேசவில்லை.

காளிகாட்டில் அண்ணன் வாங்கியிருந்த வீட்டை விற்றோம். அலிப்பூரில் பத்திரம் பதிந்துவிட்டு வெளியே வந்தபோது, வாங்கியவர்களுக்கு இனிப்பு வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று அண்ணன் கடை தேடினார். நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். கடன்களை அடைத்தது போக மிஞ்சியது கொஞ்சம்தான். இரண்டு பெட்டியோடு ஜாதவ்பூரில் என் வாடகை வீட்டுக்கு வந்தார்.

வந்த அன்றைக்கே நான் சட்டைப்பையில் அடங்குகிற ஒரு சின்ன நோட்டை அவர் முன்னால் வைத்தேன். "எனக்கு வர்றது பென்ஷன். இந்த வீட்டுல இருக்கணும்னா ஒவ்வொரு ரூபாயையும் எழுதணும். இல்லேன்னா எனக்குச் சரிப்படாது" என்றேன். என்னைப் படிக்க வைத்தவரிடம் அப்படிப் பேசினேன். இதமாகச் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு என்னிடம் இதம் இல்லை. அவர் நோட்டை எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கோடு போட்டதா இருந்தா நல்லாருக்கும்" என்று மட்டும் சொன்னார்.

மூன்று வாரம் ஒழுங்காக எழுதினார். ஒரு நாள் நான் காய்கறி வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கமாக வரும்போது டீக்கடையில் அண்ணனைப் பார்த்தேன். பழைய காளிகாட் நண்பர்கள் நான்கு பேர் சுற்றி நிற்கிறார்கள். கையில் மண் குவளை டீ, ஆளுக்கொரு தட்டில் கச்சோரி. பணம் கொடுத்தது அண்ணன். சாயங்காலம் நோட்டைப் பார்த்தால், "டீ பத்து ரூபாய்" என்று இருந்தது.

"அண்ணே, ஒரு டீதானா?"

"ஆமா."

"நான் பாத்தேன்."

அவர் முகம் கறுத்துவிட்டது. "ஒரு டீ வாங்கிக் குடுக்கக்கூட எனக்கு வக்கில்லையா பிள்ள? அறுபது வயசுல தங்கச்சிகிட்ட கணக்குச் சொல்லுதேன். இதுக்கு மேல ஒனக்கு என்ன வேணும்?"

"வாங்கிக் குடுங்க. வேண்டாம்னு நான் சொல்லலே. குடுத்ததை எழுதுங்க. இந்தப் பொய்யை நீங்க எங்கிட்ட சொல்லலே அண்ணே, உங்களுக்கு நீங்களே சொல்லிக்கிட்டீங்க."

அன்று அவர் சாப்பிடவில்லை. நானும் கெஞ்சவில்லை. மறுநாள் காலையில் நோட்டு மேஜை மேல் திறந்து கிடந்தது. "நேற்று: டீ ஐந்து, கச்சோரி ஐந்து தட்டு" என்று திருத்தி எழுதி, அதற்குப் பக்கத்தில் "கூ" என்று ஓர் எழுத்து போட்டிருந்தார்.

"இது என்ன கூ?"

"கூச்சம்" என்றார். "அவங்க ஒண்ணும் கேக்கலே. ஆனா காசு குடுக்கற நேரத்துல எல்லாரும் என் மூஞ்சியப் பாத்தாங்க. குடுக்காம நிக்கக் கூச்சமா இருந்துச்சு. குடுத்துட்டேன்."

அதிலிருந்து எழுதும்போதெல்லாம் தேவைப்படுகிற இடத்தில் அந்த எழுத்தையும் போடுவார். காய்கறிக்கும் மாத்திரைக்கும் அந்த எழுத்து வராது. வேண்டாம் என்று சொல்ல முடியாமல் வாங்கிய லாட்டரிச் சீட்டு, பக்கத்து வீட்டுக்காரர் பார்க்கிறாரே என்று ஏறிய ஆட்டோ, இவற்றுக்கெல்லாம் வரும். மாதக் கடைசியில் அதை மட்டும் தனியாகக் கூட்டிப் பார்ப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படிக் கூட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ள, நான் என்னமோ தாராளக் கையின்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். திரும்பிப் பாத்தா பாதிக்கு மேல கூச்சந்தான்."

எனக்கு அது பொறுக்கவில்லை. "என் கல்யாணத்துக்குச் செஞ்சதுமா?" என்று கேட்டேன்.

"சேச்சே, அது வேற." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஊர்ல இருந்து மேளக்காரங்களை வரவழைச்சது மட்டும் கூச்சம்" என்றார். இருவரும் சிரித்தோம். அந்த வீட்டில் நாங்கள் சிரித்தது அபூர்வம், அதனால் நினைவிருக்கிறது.

பிறகு ஒரு மருந்துக் கடையில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்தார். மதியம் போனால் எட்டு மணிக்கு வருவார். சம்பளம் சொற்பம். ஆட்டோவில் போனால் ஐந்து நிமிஷம், நடந்தால் இருபத்தைந்து நிமிஷம். நடந்தார். மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீரிலும் நடந்தார். அந்தச் சம்பளத்தை அப்படியே வங்கியில் மகனுக்கென்று தனியாகப் போட்டார். சாப்பாட்டுக்கும் துணிமணிக்கும் வீடு விற்று மிஞ்சியதிலிருந்து மாதம் இவ்வளவு என்று எடுத்துக்கொண்டார்.

இடையில் ஊரில் ஒரு திருமணம். தூங்கும் வசதிப் பெட்டியில் இரண்டு நாள் பயணம் செய்து போனோம். அண்ணன் ஐந்நூற்று ஒரு ரூபாய் மொய் எழுதினார். பந்தியில் எனக்குப் பின்னால் ஒருவர், "கல்கத்தா அத்தானுக்கு இப்பம் கை மூடிப்போச்சு, பாத்தியளா?" என்றார். இன்னும் சிலர் சிரித்தார்கள். அண்ணன் காதிலும் விழுந்தது. யார் சொன்னது, யார் சிரித்தது என்று எனக்குத் தெரியும். இங்கே எழுத மாட்டேன். கல்கத்தா திரும்பும் ரயிலில் நான் பொருமிக்கொண்டு வந்தேன். அண்ணன்தான் சமாதானம் சொன்னார். "அவனைச் சொல்லிக் குத்தமில்ல. கேக்குறதுக்கு முன்னாடியே குடுத்துக் குடுத்து அந்தப் பழக்கத்தை உண்டாக்குனது நான்தானே?"

மூன்றாம் வருஷம் மகன் அலுவலக வேலையாகக் கல்கத்தா வந்தவன் வீட்டுக்கும் வந்தான். சொல்லாமல் வந்தான். அப்பாவும் பிள்ளையும் கொஞ்ச நேரம் வெயிலைப் பற்றியே பேசினார்கள். பிறகு அண்ணன் உள்ளே போய்ப் பாஸ்புக்கை எடுத்து வந்து கொடுத்தார். இரண்டு லட்சத்துக்குச் சற்றுக் குறைவாக இருந்தது.

"வேண்டாம்ப்பா. நீங்க வச்சுக்கோங்க."

"வேண்டாம்னு சொல்லாதே. நீ வாங்க மாட்டேன்னா நான் தெனம் எதுக்கு அம்புட்டுத் தூரம் நடக்கேன்?"

அவன் என்னைப் பார்த்தான். வாங்கிக்கோ என்று தலையசைத்தேன். வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். அதற்குப் பிறகு ஞாயிறு தவறாமல் போன் செய்தான்.

அதற்குப் பிறகும் சம்பளம் மாதாமாதம் அவனுக்கே போயிற்று. இரண்டு வருஷம் கழித்து வந்தது நோய். வயிற்றில் கட்டி, கண்டுபிடிக்கும்போதே முற்றியிருந்தது. மகன் பெரிய தனியார் மருத்துவமனைக்குக் கூட்டிப் போகத் தயாராக வந்தான். "அங்க போனா எத்தனை மாசம் கூடும்னு டாக்டர்கிட்ட கேளு" என்றார் அண்ணன். கேட்டோம். பெரிய வித்தியாசம் இராது என்று அந்த மருத்துவர் ஒளிக்காமல் சொன்னார். "அப்போ அரசாங்க ஆஸ்பத்திரியே போதும்" என்று அண்ணன் முடித்துவிட்டார். பணத்தைப் பார்த்து வைத்தியத்தைக் குறைத்துவிட்டீர்களோ என்று துக்கம் விசாரிக்க வந்தவர்களில் இரண்டு பேர் கேட்டார்கள். இல்லை. வைத்தியம் குறையவில்லை. எங்கள் உடம்புதான் குறைந்தது.

ஏழு மாதம். விடியும்போதே போய் வரிசையில் நிற்க வேண்டும். ஒரு சீட்டுக்கு ஒரு ஜன்னல், அதில் முத்திரை வாங்க இன்னொரு ஜன்னல். வராந்தாவில் செய்தித்தாளை விரித்து அண்ணனைப் படுக்க வைத்துவிட்டு நான் நிற்பேன். எனக்கும் முழங்கால் வலி. ஒரு நாள் குடித்த மருந்தை அவர் என் புடவையிலேயே வாந்தி எடுத்துவிட்டார். "கொஞ்சம் முன்னாடியே சொன்னா என்ன?" என்று பத்துப் பேர் பார்க்கக் கத்திவிட்டேன். அவர் தன் துண்டால் என் புடவையைத் துடைத்தார்.

கடைசி மூன்று வாரம் நோட்டை என்னிடம் கொடுத்து, "போதும், நீயும் எழுத வேண்டாம்" என்றார். நான் எழுதவில்லை. அந்த மூன்று வாரத்தில் என்ன செலவாயிற்று என்று எனக்குத் தெரியாது. மகனுக்குத் திருப்பிக் கொடுக்க நினைத்ததில் பாதிக்குச் சற்று மேல்தான் கொடுத்து முடித்திருந்தார். மீதி நின்றுவிட்டது. அதைப் பற்றி அவன் பேசவில்லை, நானும் பேசவில்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் மாஷிமா என்று கூப்பிடுகிற, வீட்டுக்குச் சொந்தக்காரரான கீழ்வீட்டு அம்மா ஏழு மாதமும் அண்ணனுக்கென்று காரமில்லாமல் சமைத்து மாடிக்கு அனுப்பினார். "தாதா இன்னைக்குச் சாப்பிட்டாரா?" என்று வங்காளத்தில் அண்ணனைப் பற்றி விசாரித்துவிட்டுத்தான் அவர் சாப்பிடுவார். மருந்துக் கடை உரிமையாளர், அண்ணன் வேலைக்கு வராத நான்கு மாதத்துக்கும் சம்பளம் கொடுத்தார். முகம் சுளிக்காமல் அண்ணனைத் திருப்பிப் படுக்க வைத்த வார்டு நர்ஸின் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. அவர் இதைப் படிக்கப் போவதில்லை. இருந்தாலும் எழுதி வைக்கிறேன். விடுமுறை எல்லாவற்றையும் அப்பாவுக்காகச் செலவழித்த பிள்ளைக்கு அத்தையின் ஆசீர்வாதம். ஊரிலிருந்து வந்தவர்களுக்கும், வர முடியாமல் போனில் அழுதவர்களுக்கும் நன்றி.

இத்தோடு முடித்திருக்கலாம். ஒன்றை மட்டும் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. அண்ணன் போவதற்கு முதல் நாள் காலை, நான் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டு கரண்டி இறங்கியது. போதும் என்று கையைக் காட்டிவிட்டு, "ஒனக்கு நான் பாரமா இருந்தேனா பிள்ள?" என்றார்.

இல்லை என்று சொல்வதுதான் வழக்கம். ஆனால் எனக்கு அப்போது பொய் சொல்லவும் தெம்பில்லை.

"இருந்தீங்க அண்ணே. அதுனால என்ன?" என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார். "இன்னும் ஒரு கரண்டி குடு" என்றார்.