யாரைப் பற்றி எழுதுவது?

வெளியூர் அக்கா கல்லூரியை விட்டுப் போனது தேர்வு முடிவு வந்த வெள்ளிக்கிழமை. அன்றைக்கு அலுவலகத்தில் கேக் வெட்டிக்கொண்டிருந்தார்கள். 'பிறரை அறிதல்' தாளில் மாலை வகுப்பு இதுவரை எடுக்காத சராசரியை எடுத்திருந்தது. அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்க வந்தவள், கூட்டத்துக்குள் எட்டிப் பார்த்து முக்கால் டீச்சரைக் கண்டுபிடித்தாள்.

"சென்று வருகிறேன், ஆசிரியை அவர்களே."

குமாஸ்தாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அக்கா வேறு நாட்டிலிருந்து வந்தவள், தொலைக்காட்சிச் செய்தி பார்த்தே மொழி கற்றவள். தண்ணீர் கேட்டால்கூடத் தலைப்புச் செய்தி மாதிரித்தான் இருக்கும். "அக்கா, இன்னைக்கு வானிலை எப்படி?" என்று வகுப்பில் கேட்பார்கள். நிஜமாகத்தான் கேட்கிறார்கள் என்று நம்பி அவள் ஜன்னல் பக்கம் திரும்புவதற்குள் கேட்டவர்கள் சிரித்துக்கொண்டே போயிருப்பார்கள்.

"ஒரு வருஷத்துக்குள்ள திரும்ப எழுதலாம்மா," என்றாள் முக்கால். "அதைத் தாண்டினா படிச்சதெல்லாம் ரத்து. என் நம்பரை வெச்சுக்கோ."

"யாரைப் பற்றி எழுதுவது?"

முக்கால் கையிலிருந்த கேக் துண்டை நீட்டினாள். "நன்றி, வேண்டாம்," என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கிப் போனாள்.

டீச்சருக்கு முக்கால் என்று பெயர் வந்ததும் மதிப்பெண்ணால்தான். சேர்ந்த புதிதில் ஒரு கட்டுரைக்கு இரண்டே முக்கால் போட்டாள். கணினி முழு எண்ணைத்தான் வாங்கும். அன்றைக்குக் கல்லூரியின் முடிவுகள் எல்லாம் மாட்டிக்கொண்டு நின்றன. பேருந்து ஓட்டும் கணவர் கேட்டுவிட்டு, "என் வண்டியில அரை இருக்கு, முழுசு இருக்கு. முக்கால் டிக்கெட் எங்கேயும் கிடையாது தாயே," என்றார். பகுதிநேர வேலை. தனி மேசை கிடையாது, ஒவ்வொரு பருவமும் புது ஒப்பந்தம். பெயர் மட்டும்தான் நிரந்தரம்.

கட்டுரைகளைத் திருத்துவது நீள மேசையில். ஒவ்வொன்றையும் இரண்டு பேர் படிக்க வேண்டும். இருவர் மதிப்பெண்ணும் ஒத்துப்போக வேண்டும். இல்லையென்றால் மொத்தக் கட்டும் மூன்றாவது ஆளுக்குப் போகும், முடிவு தள்ளிப்போகும். அக்கா எழுதிய தடவை கேள்வி, உங்களிலிருந்து வேறுபட்ட ஒருவருடன் பழகிய அனுபவம்.

"இதுவும் அந்த அக்காவைப் பத்தித்தானா?" என்றார் எதிரே இருந்த சமூகவியல் தம்பி.

"என் கட்டுலயும் அவதான்."

"ஒத்தை ஆளை வெச்சு மொத்த வகுப்பும் கரையேறிருச்சே!" மேசையே சிரித்தது.

ஒருவன் அவளோடு மதியச் சாப்பாட்டைப் பகிர்ந்துகொண்டானாம். மாலை வகுப்பில் மதியம் எங்கிருந்து வந்தது என்று முக்கால் யோசித்தாள். இன்னொருத்தி அவளிடமிருந்து பொறுமையைக் கற்றாளாம். எல்லாம் நான்குக்கு நான்கு.

பிறகு அந்த அக்காவின் தாளே வந்தது. நான்கு வரி.

"என்னிலிருந்து வேறுபட்டவர்கள் இவ்வகுப்பில் அனைவரும். அவர்கள் என்னிடம் வானிலை கேட்பார்கள், பதிலுக்குக் காத்திருப்பதில்லை. ஆகவே பழகிய அனுபவம் என்னிடம் இல்லை. பொய் எழுத விரும்பவில்லை."

முக்கால் நான்கு போட்டாள். தம்பி பூஜ்யம் போட்டிருந்தார். ஒருங்கிணைப்பாளர் அம்மா இரண்டையும் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அனுபவத்தை எழுதுன்னு கேட்டிருக்கோம். இல்லைன்னு எழுதியிருக்காங்க. எதுக்கு மார்க் போடுறது?"

"இல்லாததும் அனுபவம்தானே மேடம்?"

"நீங்க சொல்றது எனக்குப் புரியாமலா? அதுக்கு மார்க் அட்டவணையில கட்டம் இல்லையே, முக்கால்."

"நீங்க இறங்கி வாங்க டீச்சர், நான் ஒண்ணு ஏத்திக்கிறேன்," என்றார் தம்பி. நல்ல பிள்ளை.

அந்த ஒன்றில் அவள் தேறமாட்டாள் என்று முக்காலுக்குத் தெரியும். முதியோர் இல்லத்தின் அடித்தளத்தில் படுக்கை விரிப்பு துவைத்துத் தேய்ப்பது அவள் வேலை. சான்றிதழ் வந்தால் மாடிக்குப் போய் மனிதர்களைப் பார்த்துக்கொள்ளலாம். அவளுக்காக மாடியில் ஓர் இடத்தை முடிவு வரும்வரை பிடித்து வைத்திருந்தார்கள். இதையெல்லாம் விண்ணப்பம் எழுதிக் கொடுத்த நாளில் முக்காலிடம் அவள் செய்தி வாசிப்பது போலவே சொல்லியிருந்தாள்.

ஒருங்கிணைப்பாளர் அம்மாவின் முழங்கைக்குக் கீழே அடுத்த பருவத்து ஒப்பந்தங்கள் கையெழுத்தாகாமல் கிடந்தன. முக்காலுடையதும் அதில் இருந்தது. முக்கால் நான்கை அடித்துவிட்டு ஒன்று போட்டாள்.

"முழுசாப் போட்டுட்டாங்கப்பா!" என்றார் யாரோ.

மாடி இடம் வேறொருவருக்குப் போயிற்று. விரிப்பு துவைக்கும் வேலையையும் விட்டுவிட்டு அவள் ஊர் மாறிவிட்டதாகக் குமாஸ்தா சொன்னார். அவளிடமிருந்து அழைப்பு வருமா என்று முக்கால் அந்த வருடம் முழுக்கக் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேள்வித்தாளை மாற்றச் சொல்லி இரண்டு முறை மனு கொடுத்தாள். பரிசீலிக்கிறோம் என்றார்கள். கேள்வி மாறவில்லை, அடுத்த வகுப்பில் எழுதுவதற்கு வேறொரு ஆள் கிடைத்தான், வலது கை இல்லாத பையன். கெடு முடிந்து வெளியூர் அக்காவின் பதிவு ரத்தானது. பிறகு ஒரு பருவத்தில் முக்காலுக்கும் ஒப்பந்தம் வரவில்லை. காரணம் யாரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

மூன்றாம் வருடம், கணவரின் சீருடையை உலர்த்திக்கொண்டிருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது. ஈரக் கையோடு படித்தாள்.

"டீச்சர், நல்லா இருக்கீங்களா? நான்தான், செய்தி வாசிக்கிற அக்கா. இப்ப வேற ஊரு. அதே துணி தேய்க்கிற வேலைதான். பக்கத்து மேசையில ஒரு அம்மா இருக்கு. வாய் ஓயாம என்கிட்ட பேசிக்கிட்டே இருக்கும். சாப்பிட்டியான்னு கேக்கும், பதில் சொல்ற வரைக்கும் விடாது. எழுத ஆள் கிடைச்சாச்சு டீச்சர். தேர்வு எப்ப?"