காலியாக விடச் சொன்ன கட்டம்

படிவத்தில் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டால் என் மகளுக்கு வலிப்பு நோயே இல்லை என்று ஆகிவிடும். ஐம்பது வயதைத் தாண்டிய நான் இதை முழு நிதானத்தில் நம்பினேன்.

என் பிழைப்பு அப்படி. வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் மேனேஜர். அறைக்கு நாலு பேர் என்பது சட்டம், சீசனில் ஆறு பேர் என்பது வழக்கம். சோதனைக்கு வரும் அதிகாரியின் ஜீப் மெயின்ரோட்டு விலக்கில் திரும்பினாலே எனக்குப் போன் வந்துவிடும். கூடுதல் ஆட்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறப்பார்கள். அதிகாரி எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். இருபது வருடம் இப்படி ஓட்டியவனுக்கு, கண்ணில் படாதது உலகத்திலேயே இல்லை என்றுதான் தோன்றும்.

மகளுக்குப் பதினாலு வயதில் மதுரையில் கண்டுபிடித்தார்கள். இரண்டு வேளை மாத்திரை. மூன்று வருடமாக ஒன்றும் வரவில்லை. கண் பவர் பார்க்க மதுரை போகிறாள் என்று ஊரில் சொல்லி வைத்திருந்தேன். நீட்டில் மார்க் வாங்கி மருத்துவக் கல்லூரியில் இடமும் கிடைத்தபின் உடல்தகுதிப் படிவம் வந்தது. தொடர் சிகிச்சையில் உள்ள நோய் ஏதேனும் உண்டா என்று அதில் ஒரு கேள்வி.

"எழுதிர்றேம்ப்பா" என்றாள்.

"எழுதுனா சீட்டு போச்சு. காலியா விடு."

"ஹாஸ்டல்ல வந்துச்சுன்னா?"

"வராது" என்றேன், ஏதோ என்னிடம் அனுமதி வாங்கித்தான் வரும் என்பதுபோல.

ஒரு வாரம் மருகினேன். பிறகு விருதுநகரில் மருந்துக்கடை வைத்திருக்கும் என் மனைவியின் அண்ணனிடம் போனேன். வீட்டுக்கு வெளியே விஷயம் தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

"நீங்க சொல்றதுதான் சரி மாப்ள. எதுக்கு எழுதிக்கிட்டு? பிள்ளைட்ட நான் பேசிக்கிறேன். நீங்க பேசாம இருங்க."

"பேசாமத்தான மச்சான் இருக்கேன்."

"அப்படியே இருங்க."

மறுநாள் மகள், "சரிப்பா, எழுதல" என்றாள். மனைவி கேட்காமலே இரண்டாவது காபி கொடுத்தாள். அப்போதாவது நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

சேர்க்கை நாளன்று அவளுடைய மாத்திரை அட்டையை என் பனியனுக்குள் ஒளித்துக்கொண்டேன். பிடிபட்டால் எனக்குத்தான் வலிப்பு என்று சொல்வதாகத் திட்டம். வரிசையில் நின்று அந்த வசனத்தை முணுமுணுத்ததில் சட்டை முழுக்க நனைந்துவிட்டது. பக்கத்தில் நின்ற பெரியவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். காவலாளி நாற்காலி கொண்டுவந்து போட்டார். அந்த வரிசையில் உடல்தகுதி இல்லாத ஒரே ஆளாக நான் உட்கார்ந்திருந்தேன்.

உள்ளே பெண் டாக்டர் படிவத்தைப் புரட்டினார்.

"கடைசியா எப்ப வந்துச்சும்மா?"

"மூணு வருசம் ஆச்சு மேடம்."

எட்டிப் பார்த்தேன். கட்டம் நிரம்பியிருந்தது. பின்னால் மதுரை டாக்டரின் கடிதம். அதிலிருந்த தேதி, நான் மச்சான் கடைக்குப் போனதற்கு இரண்டு நாள் முந்தியது.

"மாமாதாம்ப்பா கூட்டிட்டுப் போனாக" என்றாள் மகள். மனைவி சுவரில் இருந்த கண் பரிசோதனை எழுத்துகளை வெகு அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல டாக்டர், அந்த வலிப்பு எனக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"நீங்க வெளிய உக்காருங்க சார்."

வெளியே வந்த மனைவியிடம் கேட்டேன். "குடும்பத்துக்குள்ளேயே மூணு பேரு சேர்ந்து என்னைய ஏமாத்திருக்கீக."

"சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீக?"

"தடுத்திருப்பேன்."

"அதான் சொல்லல."

மச்சானுக்குப் போன் போட்டேன். கடையில் யாருக்கோ மிச்சச் சில்லறை கொடுத்தபடியே பேசினார். "நெசத்தச் சொன்னா நீங்க விடிய விடிய நடப்பீக மாப்ள. பிள்ளைக்குந் தூக்கம் கெடும். தூக்கம் கெட்டா அவளுக்கு வந்துரும்னு டாக்டர் சொல்லிருக்காருல்ல?"

நூறு பேரை மேய்க்கிற என்னை, இருமல் மருந்து விற்கிற கையோடு மேய்த்திருக்கிறார். ஊர் வரும்வரை நான் யாரோடும் பேசவில்லை. அதை யாரும் கவனித்ததாகவும் தெரியவில்லை.

சீட்டு போகவில்லை. முதல் வருடப் பரீட்சை சமயத்தில் ஹாஸ்டலில் ஒரு தடவை வலிப்பு வந்தது. அறைத்தோழிகளிடம் அவள் முன்பே சொல்லி வைத்திருந்ததால், ஒருக்களித்துப் படுக்கவைத்துப் பக்கத்திலேயே இருந்திருக்கிறார்கள். அன்றைக்கே அம்மாவுக்கும் மாமாவுக்கும் போன் செய்திருக்கிறாள். எனக்கு ஒன்பது நாள் கழித்துச் சொன்னார்கள்.