அக்கா பெட்டி கட்டிய மழைக்காலம்

போன வாரம் மலேசியாவிலிருந்து தர்ஷினி கைபேசியில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். என் அக்கா வசந்தாவின் பேத்தி அவள். அக்கா இறந்துபோய் இரண்டு வருஷம் ஆகிறது. வீடியோவில் ஓர் ஆறு. டீ நிறத்தில், அகலமாக, அவசரமே இல்லாமல் போகிறது. பின்னால் மழைச் சத்தம். கூடவே அவள் குரல்: "தாத்தா, இதுதான் பழைய படகுத்துறை. பாட்டி வீடு இதுக்கு எந்தப் பக்கம் இருந்துச்சு? நீங்க வந்து தங்கியிருக்கீங்களாமே, சொல்லுங்க."

பத்துத் தடவையாவது போட்டுப் பார்த்திருப்பேன். ஆறு இடமிருந்து வலமாக ஓடிக்கொண்டிருந்தது. அப்படியென்றால் வீடு வலது பக்கம் என்று எழுதப் போனவன், விரலை எடுத்துக்கொண்டேன். அந்த ஆற்றை நம்பி ஒருமுறை வழி தவறியவன் நான். ஒருமுறை என்று சொல்வதுகூட என் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளத்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுக்கு ஒன்றிரண்டு வருஷம் முன்போ பின்போ, சரியாக நினைவில்லை. விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்பேட்டையில் எனக்கு வேலை. சூளையிலிருந்து வெளியே வரும் கோப்பை, ஜாடி, ஃப்யூஸ் கட்டை எல்லாவற்றையும் விரலால் சுண்டிப் பார்த்துப் பிரிக்க வேண்டும். நல்லது கணீரென்று பேசும். விரிசல் விட்டது கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் சத்தத்தில் காட்டிக் கொடுத்துவிடும். எனக்கு அதில் கொஞ்சம் பேர் இருந்தது. பேர் இருந்தது என்று நானே சொல்லிக்கொள்கிறேன், மறுத்துச் சொல்ல இப்போது ஆள் இல்லை. அந்தக் கெட்ட பழக்கத்தில் வீட்டிலும் தட்டு, டம்ளர் எதையும் சுண்டாமல் வைக்க மாட்டேன். அம்மா திட்டுவாள்.

அக்கா கல்யாணமாகி மலேசியாவில் தெலுக் ஆன்சன் போய் அப்போது ஐந்து வருஷம். மாமாவின் சொந்தக்காரர்கள் திட்டக்குடியில் இருந்தார்கள். அவர் மட்டும் மலேசியாவிலேயே வளர்ந்தவர், படகுத்துறையில் குமாஸ்தா. அக்காவின் கடிதங்கள் ஒன்றுபோலவே இருக்கும். 'இங்கு அனைவரும் நலம். அங்கு அனைவரின் நலமறிய ஆவல். பாப்பா நன்றாக வளர்கிறாள். மழை பெய்கிறது.' அவ்வளவுதான். கடைசியாக வந்த கடிதத்தில் மட்டும் பாதி எழுத்து நீலமாகக் கலைந்திருந்தது. அம்மா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"அழுதுகினே எழுதியிருக்கா" என்றாள்.

"மழத்தண்ணி பட்டிருக்கும்மா."

"மழ பாதிலதான் படுமா? உனக்கு என்னடா தெரியும்."

அடுத்த மாதமே மாமாவிடமிருந்து எனக்குக் கப்பல் டிக்கெட் வந்தது, தீபாவளிக்கு வந்து ஒரு மாதம் இருந்துவிட்டுப் போகச் சொல்லி. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தானே? அம்மாவுக்கு அதிலும் சந்தேகம். ஐந்து வருஷமாகக் கூப்பிடாதவர் இப்போது ஏன் கூப்பிடுகிறார்?

"போயி கண்ணால பாரு. வாயத் தொறந்து எதுவும் கேக்காத. மாப்ள காதுல வுழுந்தா வேற மாதிரி ஆயிடும். அவ நல்லா இருந்தா வுட்டுட்டு வா. இல்லன்னா இட்டுக்கினு வந்துடு. ஆயிரம் கோப்பையத் தட்டிப் பாத்து சொல்றியே, உங்கக்காளப் பாத்து சொல்ல மாட்டியா?"

எலுமிச்சை ஊறுகாய் போட்டு வாய் கட்டிய ஒரு பீங்கான் ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினேன். ஜாடி பினாங்கு வரை சௌக்கியம். நான்தான் வழி நெடுக வாந்தி.

தெலுக் ஆன்சன் பஸ் நிற்குமிடத்தில் மாமா இரண்டு குடையோடு நின்றிருந்தார். மழை. அந்த ஊரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது ஈரத் துணியின் வாசம்தான். கொடியில் போட்ட சட்டை மூன்று நாளாகியும் காயாது. அப்படியே போட்டுக்கொண்டு உடம்புச் சூட்டில் காயவைக்க வேண்டும். என் தோல் செருப்பில் பச்சையாகப் பூஞ்சை பூத்தது. ஐப்பசியில் ஒரு மழைக்காக வானத்தைப் பார்க்கிற ஊரிலிருந்து போனவனுக்கு இது கொடுப்பினையா தண்டனையா என்றே புரியவில்லை.

இரண்டாம் நாள் கடைத்தெருவுக்குத் தனியாகப் போனேன். வழி கேட்டதற்கு அக்காவின் பக்கத்து வீட்டுக்காரர், "ஆத்தோரமாவே போங்க, ஆத்தோரமாவே வாங்க" என்றார். போகும்போது பார்த்து வைத்துக்கொண்டேன், ஆறு எனக்கு எதிரே வந்துகொண்டிருந்தது. திரும்பும்போது அது போகிற பக்கம் நானும் போனால் வீடு. நம் ஊர் மணிமுத்தாறு வருஷத்தில் பாதி நாள் வெறும் மணலாகக் கிடந்தாலும், தண்ணீர் வந்தால் எந்தப் பக்கம் போகும் என்பதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. சாயங்காலம் ஆற்றோடு கூடவே நடந்தேன், நடந்தேன், தென்னந்தோப்பு வந்துவிட்டது. கடல் ஏறினால் அங்கே ஆறு திரும்பி ஓடுமாம். அது எனக்கு யார் சொன்னார்கள்? ஒரு சீனர் காப்பிக் கடையில் நனைந்த கோழியாக நின்றவனை மாமா தேடி வந்து அழைத்துப் போனார். அக்கா தலையைத் துவட்டிவிட்டாள். சின்ன வயதில் துவட்டுவது மாதிரியே, காது பிய்கிற மாதிரி.

அக்காவைத் தட்டிப் பார்க்கும் வேலையும் அந்த லட்சணத்தில்தான் நடந்தது. அவள் இளைத்திருந்தாள், ஆனால் நன்றாகச் சிரித்தாள். மூக்குத்தி போடவில்லை, 'இந்த ஊர்ல யாரும் போடறதில்லடா' என்றாள், தெருவில் எதிரே வந்த இரண்டு பேர் போட்டிருந்தார்கள். மாமா அதட்டிப் பேசி நான் கேட்கவில்லை. ஆனால் அவர்கள் அதிகம் பேசியே நான் கேட்கவில்லை. ஊறுகாய் ஜாடியைத் திறந்த அன்று அக்கா ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பி நின்றாள், வெகுநேரம். காரமா, அழுகையா? ஒவ்வொரு நாளும் ஒரு முடிவுக்கு வருவேன். மறுநாள் காலையில் அது திரும்பி ஓடும்.

நான் வந்து இருபது நாள் இருக்கும். தபாலாபீசுக்குப் பக்கத்தில் ரொட்டி வாங்கிக்கொண்டு திரும்பினால், கூடத்தில் அக்கா பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். தகரப் பெட்டியில் அவள் புடவைகள், கல்யாணப் போட்டோ, பாப்பாவின் பிறப்புப் பத்திரம், பாப்பா துணி. பாய் சுருட்டியாகிவிட்டது. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"நீயும் உன் பொட்டியக் கட்டி வச்சிக்கடா" என்றாள், நிமிராமல்.

"மாமாவுக்குத் தெரியுமாக்கா?"

"தெரியாமலா? அவருதான் கயிறு எடுத்தார போயிருக்காரு."

என் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டது. எவ்வளவு பெரிய மனசு அந்த மனுஷனுக்கு! வாயைத் திறந்து கேட்காமலேயே காரியம் முடிந்துவிட்டது, அம்மா சொன்னது எவ்வளவு சரி! ரொட்டியை அங்கேயே வைத்துவிட்டு மழையில் தபாலாபீசுக்கு ஓடினேன். அக்காவோடு வருகிறேன் என்று இங்கிலீஷில் தந்தி கொடுத்தேன். தபாலாபீஸ் குமாஸ்தா படித்துக் காட்டினார். அந்த ஒரு வரியை நானே எழுதினேன் என்பதில் ஒரு கர்வம்கூட வந்தது.

திரும்பி வந்தபோது மாமா பரணில் நின்று கயிற்றால் தகரப் பெட்டியை மேலே இழுத்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டிலும் இழுத்தார்கள். எதிர்வீட்டு மலாய்க்காரரும் ஆட்டைப் பலகை மேல் ஏற்றிக்கொண்டிருந்தார். தெரு முழுக்க அதே வேலை.

"நிக்கிறியே தம்பி, உன் பெட்டியக் கொடு" என்றார் மாமா. "மேல மழ ஜாஸ்தி, நாளைக்குக் கடல் பெருசா ஏறும். ஆறு வீட்டுக்குள்ள வரும். ரெண்டு மூணு நாள் இருந்துட்டுப் போயிரும், வருஷா வருஷம் வர்றதுதான்."

பெட்டியைக் கொடுத்தேன்.

மறுநாள் ஆறு வந்தது, முன்வாசல் வழியாகவே, விருந்தாளி மாதிரி. நாங்கள் பரணில். மாமா மண்ணெண்ணெய் வாங்கப் படகில் போயிருந்தார். பாப்பா தூங்கினாள். கீழே ஒரு வாளி அறை அறையாக மிதந்து போய்க்கொண்டிருந்தது. அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை, தந்தியைப் பற்றிச் சொல்லிவிட்டேன்.

அக்கா சிரித்தாள். விலாவைப் பிடித்துக்கொண்டு, மூச்சு முட்டி, பாப்பா விழித்துக்கொள்ளுமோ என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு நிறுத்தினாள்.

"அம்மா இப்ப என்னடா பண்ணிகினு இருக்கும்?"

"தந்தி இன்னிக்குக் கைக்குக் கெடச்சிருக்கும். சுண்ணாம்பு அடிக்க ஆள் தேடும்."

"அப்புறம்?"

"உன் ரூமுல இருக்கற நெல்லு மூட்டய எடுக்கச் சொல்லும்."

"அப்புறம்? யாராருகிட்ட சொல்லும்?"

அந்த மத்தியானம் முழுக்க அவள் கேட்டாள், நான் சொன்னேன். எந்தப் பானையைத் தேய்க்கும், பாப்பாவுக்கு யார் வீட்டில் தொட்டில் கடன் வாங்கும், மங்கலம்பேட்டைக் கடையில் என்ன துணி எடுக்கும். எனக்குச் சரக்கு தீர்ந்தபோது அவளே சொன்னாள். நடுவில் ஒரு தடவை, அம்மா சொன்னதை மீறி, "நீ நல்லாருக்கியாக்கா?" என்று கேட்டேவிட்டேன். அவள் கீழே வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "தண்ணி வடியட்டும்டா, எல்லாத்தையும் அவுத்து எறக்கணும்" என்றாள். அது பதிலா இல்லையா என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

அவள் ஏன் வர முடியாது என்பதை மாமாதான் சொன்னார். இரண்டு பேருக்கும் சிவப்பு அட்டைதான், குடியுரிமை இல்லாதவர்களுக்குத் தருவது. குடியுரிமைக்கு எழுதிப் போட்டு நீல அட்டைக்குக் காத்திருந்தார்கள். அது கைக்கு வருமுன் நாட்டை விட்டு வெளியே போனால், திரும்ப உள்ளே விடுவார்களோ மாட்டார்களோ. "அதான் உன்னைக் கூப்பிட்டேன் தம்பி. அவ அங்க போக முடியாது. அங்கேருந்து ஒரு ஆளையாவது அவ கண்ணுல காட்டணும்னு."

தண்ணீர் வடிந்ததும் அடுத்த தந்தி கொடுக்கக் கிளம்பினேன். அக்கா கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்டா. இருக்கட்டும். நேர்ல போயி சொல்லு."

"பாவம் அம்மா. காத்துகினு இருக்குமே."

"இருக்கட்டும்னு சொல்றன் இல்ல?"

இது இரக்கமா, கொடுமையா? எனக்குப் புரியவில்லை. கொடுக்காமல் இருந்துவிட்டேன்.

கடலூரில் வண்டி மாறி விருத்தாசலம் ஜங்ஷனில் இறங்கினேன். நாகப்பட்டினத்துக்குக் கப்பல் வரும் நாளை விசாரித்து வைத்துக்கொண்டு அம்மா நின்றிருந்தாள். கையில் பூச்சரம். என்னைப் பார்த்தாள், எனக்குப் பின்னால் ரயில் பெட்டியின் வாசலைப் பார்த்தாள். யார் யாரோ இறங்கினார்கள். வண்டி கிளம்பிப் போகும் வரை அந்த வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு நடந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், ஆறு திரும்பி ஓடியதிலிருந்து. வீடு சுண்ணாம்பு வாசத்தோடு வெள்ளையாக இருந்தது. உள்ளே தொட்டில் கட்டியிருந்தது. அடி விழும் என்றுதான் நினைத்தேன்.

அம்மா தொட்டிலை அவிழ்த்து மடித்தாள். "பதினெட்டு நாளு அவ வந்துகினே இருந்தாடா" என்றாள்.

அடுத்த ஐப்பசியில் அக்காவின் கடிதம் வந்தது. அனைவரும் நலம், நலமறிய ஆவல், பாப்பா வளர்கிறாள். கடைசியில் ஒரு வரி புதிதாக: 'பெட்டி கட்டியாகிவிட்டது.' அம்மா அதை இரண்டு தடவை படிக்கச் சொன்னாள். மறுநாள் சுண்ணாம்பு அடிக்க ஆள் வந்தார். அதிலிருந்து வருஷா வருஷம் மழைக்கு அந்தக் கடிதம் வரும், வீட்டுக்கு வெள்ளை அடிக்கப்படும். தாயும் மகளும் விளையாடினார்களா, நிஜமாகவே நம்பினார்களா, எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. நீல அட்டை வந்து அக்கா ஊருக்கு வந்து இறங்கியபோது அம்மா போய் ஏழு மாதம் ஆகியிருந்தது. அக்கா நேராக உள்ளே போய்ச் சுவரைத் தடவிப் பார்த்தாள். அந்த வருஷம் நான் வெள்ளை அடித்திருக்கவில்லை.

இப்போது நாகப்பட்டினத்துக் கப்பல் இல்லை, தந்தி இல்லை, நான் சுண்டிப் பார்த்த சூளைக்கூடம் பூட்டிக் கிடக்கிறது. தெலுக் ஆன்சன் என்ற பெயரே மாறிவிட்டது. தர்ஷினிக்கு, 'சரியாத் தெரியலம்மா. ஆறு திரும்புற நேரம் பாத்து இன்னொரு வீடியோ அனுப்பு' என்று எழுதினேன். அதோடு விட்டிருக்கலாம். மழை பெய்கிறதே, பெட்டியெல்லாம் பரண் மேல் ஏற்றியாயிற்றா என்றும் கேட்டேன்.

உடனே பதில் வந்தது. "என்ன பெட்டி தாத்தா? கரைய உசத்திக் கட்டிட்டாங்க, தண்ணி உள்ள வர்றதே இல்ல. இங்க யாரும் பெட்டி கட்ட மாட்டாங்க."